அஸ்தமனத்துக்குப் பிறகு

மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்துப் பழையன்னூர் பகவதியின் கோவிலும், அந்தக் கோவிலுக்குப் பக்கத்திலேயே பரதேசி யூதர்களின் ஜெபாலயமும் நிற்கின்றன. 1568-ஆம் ஆண்டில் எழுந்த அந்த ஜெபாலயத்தார் தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காத்துவந்த செப்பேடுகள், கட்டடத்தைக் காட்டிலும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை. கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில், முயிரிக்கோட்டில் வீற்றிருந்த சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அளித்த 72 உரிமைகளைக் கூறும் வட்டெழுத்துச் சாசனம் அது. பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் என்று நீளும் அந்த வரிசையில் பகல் விளக்கும் ஒன்று. நடுப்பகலில், தலைக்கு மேல் சூரியன் எரிந்துகொண்டிருக்கையில், தனக்கு முன்னே ஏற்றிய விளக்கு செல்ல வீதியில் வரலாம் என்பது அதன் பொருள். அந்த விளக்கினால் எவருக்கும் வழி தெரியப் போவதில்லை. மரியாதை ஒன்றே அதன் பயன். வெயில் அரசனுக்கும் ஆண்டிக்கும் பேதம் பாராமல் விழுவது. மனிதருக்குள் மேல் கீழ் வகுக்க விரும்பும் அரசாட்சிக்கோ அந்தச் சமத்துவம் போதவில்லை. ஆகவே சூரியனுக்கு எதிரிலேயே ஒரு சிறு சுடரைக் காட்டித் தன் பிரசாதத்தை அறிவிக்க வேண்டியிருந்தது.

அந்த உரிமையை வழங்கியவனோ சூரியனின் பெயர்கள் இரண்டைத் தன் பெயராகத் தாங்கியவன். அரசர்களுக்குச் சூரியனோடு உறவு கொண்டாடும் ஆசை எங்கும் இருந்திருக்கிறது. சோழர் தங்களைச் சூரிய குலத்தவர் என்றனர். எகிப்தின் அரசர் தம்மை ரா என்னும் சூரிய தேவனின் புதல்வர் என்றனர். கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்சேஸ் என்னும் பேரரசனின் பெயரிலேயே அந்தத் தேவன் இருக்கிறான். அவன் உடலைப் பதப்படுத்தியவர்கள் மூக்குத் துவாரங்களில் மிளகை வைத்து அடைத்திருந்ததை ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். மிளகு விளைவது நமது மேற்கு மலைத்தொடரின் காடுகளில். எத்தனை கை மாறி அது நைல் நதிக்கரையை எட்டியதோ, ராவின் புதல்வன் மறுமைக்குப் புறப்பட்டபோது இந்த மண்ணின் காரமும் உடன் சென்றது. பிற்காலத்தில் அந்த உறவு பெருவணிகமாக விரிந்தது. செங்கடற்கரையில் குஸைர் என்னும் பழந்துறையில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறப்பட்ட பானையோடுகள் கிடைத்துள்ளன. அதே கடற்கரையில் பெரெனிகே என்னும் துறையின் ஸெராபிஸ் கோவில் முற்றத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரை கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது. ஸெராபிஸ் என்பவன் ரோமானியர் காலத்தில் சூரியனோடு ஒன்றாக எண்ணி வழிபடப்பட்டவன். முயிரிக்கோட்டுத் துறை தூர்ந்து, 1341-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தால் கொச்சியின் முகத்துவாரம் திறந்த பிறகு மிளகு வணிகம் மெல்ல மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளுக்கு வந்து சேர்ந்தது. யூதர்களும் பின்னால் வந்தார்கள்.

சூரிய தேவர்களைப் பற்றி எண்ணுவதற்கு இந்த ஊர் இசைவான இடம் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் மிளகு மட்டும் அன்று. சூரியனை வணங்கும் சமூகங்களும், சூரியனை வணங்கலாகாது என்பதைத் தம் சமயத்தின் ஜீவநாடியாகக் கொண்ட சமூகம் ஒன்றும், ஒரே வீதியில் நூற்றாண்டுக் கணக்கில் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் இது. சூரியன் கடவுளா, கடவுளின் ஏவலாளா என்று கேட்டுவிட்டு இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்துவது வழக்கம். எனக்கு அதைவிட ஆழமானதாகப் படுவது வேறொரு கேள்வி. சூரியனே கடவுளானால், அவன் மறைந்த பின் உயிர்களுக்கு யார் துணை? ஒரு சமயம் பகலை எவ்வளவு அழகாகப் பாடுகிறது என்பதைக் கொண்டன்று, இரவைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதைக் கொண்டே அதன் சூரிய பக்தியை அளக்க வேண்டும் என்பது என் துணிபு.

பண்டைய எகிப்தியர் இந்தக் கேள்வியிலிருந்து ஓடி ஒளிந்தவர்கள் அல்லர். அவர்களுடைய சூரியன் காலையில் கெப்ரி, உச்சியில் ரா, மாலையில் ஆதும் என மூன்று நிலைகளில் முதிர்ந்து, கிழவனாக மேற்கே இறங்கி, அங்கே பகல் ஓடத்தை விட்டு இரவு ஓடத்தில் ஏறுகிறான். பாதாளத்தின் பன்னிரண்டு யாமங்களை அந்த ஓடம் கடந்தாக வேண்டும். அபெப் என்னும் பெரும்பாம்பு வழிமறிக்கிறது. தேவர்கள் ஈட்டியோடு போராடுகிறார்கள். நள்ளிரவில், இறந்தோரின் அரசனான ஒசைரிஸின் சரீரத்தோடு ராவின் ஆன்மா ஒன்றுபட்டு, அந்தச் சேர்க்கையினால் புத்துயிர் பெறுகிறது. அரசர்களின் கல்லறைச் சுவர்களில் யாமம் யாமமாக எழுதிவைக்கப்பட்ட இந்தக் கதையைப் புராணக் கற்பனை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதனுள் இருக்கும் எண்ணம் பெரிது: தெய்வமும் மரணத்தின் வழியே நடந்துதான் விடியலை அடைகிறது, ஆதலால் மரித்தவன் இருளில் தனியாக இல்லை. எகிப்தின் ஏழை விதவைக்கு இதைக் காட்டிலும் பெரிய ஆறுதலை எந்தத் தத்துவமும் தந்திருக்க முடியாது.

இந்த ஆறுதலைத்தான் அகநாதன் என்னும் அரசன் அகற்றினான். கி.மு. பதினான்காம் நூற்றாண்டில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆண்ட இவன், பழைய தேவர்களையெல்லாம் விலக்கி, ஆதன் என்னும் ஒளிவட்டம் ஒன்றையே தெய்வமாக நிறுத்தி, இன்று அமர்னா எனப்படும் இடத்தில் புதிய தலைநகரை எழுப்பினான். அங்கிருந்த ஆதன் கோவில்கள் மேற்கூரையற்ற முற்றங்கள். கர்ப்பகிருகத்தின் இருட்டுக்கு அங்கே இடமில்லை. வானத்து வட்டத்திலிருந்து இறங்கும் கிரணங்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு கையாக முடிந்து, அரசன் அரசியின் நாசிக்கு அருகே உயிரின் அடையாளத்தை நீட்டுவதாக அக்காலத்துச் சிற்பிகள் செதுக்கினார்கள். ஆய் என்னும் அதிகாரியின் கல்லறைச் சுவரில் உள்ள ஆதனின் பெருந்துதி, உலக பக்தி இலக்கியத்தின் சிகரங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு மூச்சுக் கொடுப்பதுவரை தெய்வத்தின் கருணையை அது பின்தொடர்கிறது. ஆனால் அதே துதி இரவைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது. தெய்வம் மறைந்துவிட்டது, மனிதர் பிணம்போல் கிடக்கிறார்கள், தலைமாட்டில் இருப்பதைத் திருடன் எடுத்தாலும் அறியமாட்டார்கள், சிங்கம் குகையை விட்டு வருகிறது, பாம்பு கடிக்கிறது. ஓடமும் ஒசைரிஸும் அகற்றப்பட்ட பின் இரவில் மிஞ்சியது கடவுள் இல்லாத வெற்றிடம்.

அகநாதனை முதல் ஏகதெய்வவாதி என்று போற்றுபவர்கள் அமர்னாவின் சாதாரண வீடுகளில் அகழ்ந்தெடுத்தவற்றையும் பார்க்க வேண்டும். அங்கே பேஸ் என்னும் குள்ளத் தெய்வத்தின் உருவங்களும், பிரசவத்தைக் காக்கும் தாவெரெத்தின் உருவங்களும் கிடைத்தன. அரசன் வானத்தைப் பார்க்கச் சொன்னான். பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்கோ, நள்ளிரவில் வலி எடுத்தால் கூப்பிட ஒரு தெய்வம் வேண்டியிருந்தது. அகநாதன் இறந்த சில ஆண்டுகளில் அந்த நகரமும் கைவிடப்பட்டது. அவனுடைய மதம் அவனோடு போயிற்று. பழைய புரோகிதர்களின் பகையைத்தான் வரலாற்றாசிரியர் இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். இரவில் கைவிட்டுப்போகும் தெய்வத்தை ஜனங்கள் தம் வீட்டுக்குள் ஏற்கவில்லை என்பதையும் நான் ஒரு காரணமாகச் சேர்ப்பேன்.

எபிரேயரின் நூற்றுநான்காம் சங்கீதத்துக்கும் ஆதனின் துதிக்கும் உள்ள ஒற்றுமையை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். பறவை, மீன், கப்பல், மனிதனின் உழைப்பு எல்லாம் இரண்டிலும் வருகின்றன. இரவில் கர்ஜிக்கும் சிங்கமும் வருகிறது. எகிப்தின் சிங்கம் தெய்வம் இல்லாத நேரத்தில் வெளிவருகிறது. எபிரேயக் கவியின் சிங்கமோ தன் இரையைக் கடவுளிடம் கேட்டு முழங்குகிறது. இருளை வரவழைப்பவனும் கடவுளே, அந்த இருளில் நடமாடும் மிருகத்துக்குச் சோறிடுபவனும் கடவுளே. சூரியன் தான் மறைய வேண்டிய வேளையை அறிந்த பணியாளனாகிறான். இந்த ஒரு மாற்றத்தில் ஒரு சமயத்தின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அந்த மாற்றம் போராட்டமின்றி வந்ததன்று. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் யோசியா அரசன், தனக்கு முன்னிருந்த அரசர்கள் எருசலேம் ஆலயத்து வாசலில் சூரியனுக்கென்று நிறுத்தியிருந்த குதிரைகளை அகற்றி, ரதங்களைச் சுட்டெரித்தான் என்று அவர்களுடைய வேதம் கூறுகிறது. சப்தாசுவங்களை அறிந்த நமக்கு அந்தக் குதிரைகள் அந்நியமானவை அல்ல. ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சூரியனை வணங்கிய இருபத்தைந்து பேரை எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்டு வெதும்பினார். அதற்கெல்லாம் வெகுகாலம் பின்னால், கி.பி. ஆறாம் நூற்றாண்டில் கலிலேயாவுக்குத் தெற்கே பெத் ஆல்பா ஜெபாலயத்தின் தரையில் நாற்குதிரைத் தேரூரும் சூரியனை வண்ணக் கற்களால் பதித்தார்கள். விலக்கப்பட்ட பிறகும் மனம் அவனை விட்டு முற்றும் நீங்கவில்லை. அதை நான் குற்றமாகக் கருதவில்லை.

மற்ற நாடுகளின் கதைகளில் இரவின் அச்சம் வேறு வேறு முகங்கொள்கிறது. மெக்ஸிகோவின் அஸ்டெக் மக்கள், மனித ரத்தம் ஊட்டாவிட்டால் சூரியன் நின்றுவிடுவான் என்று நடுங்கினார்கள். அந்த நடுக்கம் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை நினைத்தால், பக்தியில் அச்சம் மேலோங்குவது எத்தகைய கேடு என்பது விளங்கும். ஜப்பானியரின் அமதெராசு என்னும் சூரிய தேவி, தம்பியின் அடாத செயலால் மனம் நொந்து குகைக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டாள். தேவர்கள் வெளியே ஆடிச் சிரித்து, கண்ணாடி காட்டி அவளை வரவழைத்தார்கள். அஞ்சி நடுங்காமல் ஆடிப்பாடி ஒளியை மீட்ட அந்தக் கதையில் ஒரு நாகரிகம் தெரிகிறது.

நம் நாட்டு மரபுக்கு வந்தால், ரிக்வேத ரிஷி சவிதாவை உதயத்தில் மட்டும் பாடவில்லை. மாலையில் மனிதரின் வேலையை நிறுத்தி, நெசவு செய்பவள் நூலைச் சுருட்டிவைக்கவும், பறவை கூட்டுக்கும் ஆநிரை தொழுவத்துக்கும் திரும்பவும் அருள்பவன் அதே சவிதா. ஒளியைப் போலவே ஓய்வும் அவனுடைய கொடை. தமிழ் நாட்டில் சிலப்பதிகாரம் திங்களுக்கு அடுத்து ஞாயிற்றைப் போற்றித் தொடங்குகிறது. கல்வெட்டுகள் சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை என்று தர்மத்துக்கு வரம்பு கட்டுகின்றன. முதற் குலோத்துங்கன் காலத்தோடு தொடர்புடைய சூரியனார் கோவில் ஆடுதுறைக்கு அருகில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. கேரளத்தில் சூரியனுக்கென்று அமைந்த அரிய கோவிலைக் கடுத்துருத்திக்கு அருகே ஆதித்யபுரத்தில் காணலாம். இவற்றுள் என் நெஞ்சைத் தொடுவது கண்ணகியின் கட்டம்தான். கணவன் கொலையுண்ட செய்தி கேட்டவள் மதுரையில் எவரிடமும் சாட்சி தேடவில்லை. அனைத்தையும் கண்டவன் என்று சூரியனை நோக்கி, என் கணவன் கள்வனோ என்று கேட்கிறாள். அல்லன் என்று விடை வருகிறது. விடை வருகிறதே தவிர, கோவலன் மீளவில்லை. உண்மையைச் சொல்லும் சாட்சியாகச் சூரியன் நிற்கிறான். கொலையைத் தடுக்கும் காவலனாக நிற்கவில்லை. அந்தப் பகல் வெளிச்சத்தில் நடந்த அநீதி, இரவின் கேள்வியைக் காட்டிலும் கொடிய கேள்வி. இளங்கோ அதற்கு விடை கூறாமல் விட்டது அவருடைய உண்மையுணர்வைக் காட்டுகிறது.

இரவின் கேள்வியை நேருக்கு நேர் நின்று கேட்டவர் ஜனகர். பிருஹதாரண்யக உபநிஷதத்தில், மனிதனுக்கு ஜோதியாக இருப்பது எது என்று அவர் யாக்ஞவல்கியரிடம் வினவ, முனிவர் சூரியன் என்கிறார். அது மறைந்தால்? சந்திரன். அதுவும் மறைந்தால்? அக்கினி. அதுவும் அவிந்தால்? வாக்கு, கும்மிருட்டில் தன் கை தனக்குத் தெரியாதவனும் குரல் கேட்ட பக்கம் நடந்துவிடலாம் அல்லவா? அந்தக் குரலும் அடங்கிவிட்டால்? ஆத்மாவே அப்போது ஜோதி என்று முடிகிறது விசாரம். ஜனகர் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே போகும் அந்த முறையில் ஓர் அரசனின் துணிவு இருக்கிறது. அகநாதனிடம் இல்லாத துணிவு அது. அதே உபநிஷதத்தின் வேறோரிடத்தில், சூரியனுக்குள் இருந்துகொண்டு, சூரியனாலும் அறியப்படாமல், உள்ளிருந்தே அதை நடத்தும் அந்தர்யாமி பேசப்படுகிறான். சூரியனை நடத்துபவன் சூரியனுக்கு அப்பாலானவன் என்பதில் எபிரேயக் கவியும் யாக்ஞவல்கியரும் ஒரு சொல் பேசுகிறார்கள். ஆனால் கவி அவனை வானத்துக்கு மேலே காண்கிறார். முனிவர் உள்ளே காண்கிறார். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அந்த வேறுபாடு சமயங்களின் உயிர் சார்ந்தது, அதை மழுப்புவது இரண்டுக்கும் செய்யும் அவமரியாதை.

மட்டாஞ்சேரியின் யூத வீதியில் இந்தத் தத்துவம் ஏட்டில் மட்டும் இருக்கவில்லை, வீட்டில் இருந்தது. அவர்களுடைய நாள் உதயத்தில் தொடங்குவதன்று, அஸ்தமனத்தில் தொடங்குவது. வெள்ளிக்கிழமை சூரியன் இறங்குவதற்குள் தொங்கு விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் வார்த்து, திரியிட்டு ஏற்றிவிட வேண்டும். மறைந்த பிறகு நெருப்பைத் தொடலாகாது. மறுநாள் இருட்டி மூன்று நட்சத்திரங்கள் புலப்படும்வரை அந்த ஓய்வு நீடிக்கும். எந்த வேளையில் அமர்னாவின் தெய்வம் பிரஜைகளை விட்டுப் போனதோ, அதே வேளையில் இவர்களுடைய புனித நாள் பிறக்கிறது. காலைத் தொழுகையிலும் ஒளியை உண்டாக்கியவன் என்று கடவுளைத் துதிக்கும் வாய், மூச்சு விடாமல் இருளையும் படைத்தவன் என்று சேர்த்தே துதிக்கிறது. மாலையில் அவர்கள் முகம் மேற்கே திரும்பும். கொச்சியிலிருந்து எருசலேம் அத்திசையில் இருக்கிறது. அதே வேளையில் அடுத்த தெருக்களில் சந்தியாவந்தனம் செய்கிறவரும் மேற்கு நோக்கியே அர்க்கியம் விடுவார். ஒருவர் இறங்கும் சூரியனைப் பார்த்து நிற்கிறார்; மற்றவர் சூரியனைப் பொருட்படுத்தாமல் அதே திசையில் நிற்கிறார்.

சூரியனை வணங்க மறுத்த இவர்களுக்கும் சூரியனுக்காக ஒரு சடங்கு உண்டு என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு புதன்கிழமைக் காலையில், திறந்த வெளியில் நின்று சூரியனைக் கண்டு, படைப்பைச் செய்தவனுக்கு நன்றி கூற வேண்டும் என்று அவர்களுடைய தால்முத் விதிக்கிறது. படைப்பின் நான்காம் நாளில் வைக்கப்பட்ட அதே இடத்துக்கு, அதே வாரநாளில், அதே வேளையில் சூரியன் திரும்புவதாகக் கணக்கு. ஆண்டுக்கு 365¼ நாள் என்று கொண்டால், முழு வாரங்கள் போக ஒன்றேகால் நாள் மிஞ்சும். 28 ஆண்டுகளில் அந்த மிச்சம் சரியாக 35 நாளாகி, ஐந்து வாரமாகக் கழிந்துவிடும். உண்மையான சூரிய ஆண்டு இதைவிடச் சில நிமிஷம் குறைவு. அதனால் அந்த நாள் மேஷ விஷுவத்தை விட்டு விலகி, சென்ற நூற்றாண்டிலிருந்து ஏப்ரல் 8-இல் விழுகிறது. அவர்களுடைய பண்டிதர்கள் இந்தப் பிழையை நன்றாக அறிந்தவர்கள். அறிந்தும் நாளை மாற்றவில்லை. நன்றி கூறுவதற்கு விநாடிக் கணக்கு ஒத்துவர வேண்டிய அவசியம் இல்லை என்ற அந்தத் தெளிவை நான் வியக்கிறேன். நம் வீட்டு முற்றத்தில் வெயில் விழும் இடம் பார்த்துப் பொங்கல் பானையை வைப்பவளும் வான சாஸ்திரத்தின் அனுமதியை எதிர்பார்ப்பதில்லை.

அவள் கும்பிடுகிறாள், இவர்கள் கும்பிடுவதில்லை என்பது உண்மை. ஆனால் உணவு வந்த வழியை மறவாதிருக்கும் மனம் இரண்டிலும் ஒன்றே. வெயிலையே நம்பி உழைப்பவர்களும் இங்கே உண்டு. ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் உள்ள தோபிகானாவில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் சலவை செய்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் என்று சொல்வார்கள். கஞ்சி தோய்த்த வேட்டியையும் விரிப்பையும் இரட்டை முறுக்குக் கயிற்றின் இடுக்கில் முனையைச் செருகி, கவ்வி எதுவும் இல்லாமல் உலர்த்துகிறார்கள். இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் துணி உலராது, கூலியும் வராது. சூரியனின் அருமையை அவர்களுக்கு எந்தப் புராணமும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த மழை நாட்களில் தெய்வம் தங்களைக் கைவிட்டுவிட்டதாக அவர்கள் எண்ணுவதும் இல்லை. எண்ணியிருந்தால் அவர்களுடைய கோவில்களில் அந்த நாட்களிலும் விளக்கு எரியாது.

சூரியனுக்கான அந்தக் காலைத் துதியின் நாள் 1953 ஏப்ரல் 8-இல் வந்தது. கொச்சி யூதர்கள் பெருந்தொகையாகப் புறப்படத் தொடங்கிய காலம் அது. சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். 1981-இலும் 2009-இலும் அது மீண்டும் வந்தது. இனி வரப்போவது 2037 ஏப்ரல் 8. மட்டாஞ்சேரியில் அதைச் சொல்லப் பத்துப் பேர் கூடுவது அரிது. ஆனால் நெகேவ் பாலைநிலத்தில், பேர்ஷெபாவுக்கு அருகே கொச்சியார் குடியேறிய நெவாத்திம் கிராமத்தில் அந்தக் காலையில் திறந்த வெளிக்கு வருபவர்கள் இருப்பார்கள். அந்தத் துதிக்கு ஜெபாலயம் வேண்டாம், செப்பேடு வேண்டாம், முன்னே ஏந்திச் செல்லும் விளக்கும் வேண்டாம். மேகம் மறைக்காத சூரியனைக் கண்ணால் கண்டால் போதும் என்பதுதான் விதி.